எல்லாருக்கும் கேக்

நவம்பர் மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கே ஓடென்ஸ் நகரில் வெளிச்சம் வடிந்துகொண்டிருக்கிறது. அலுவலகத்தில் மேசைக்கு மேசை மெழுகுவத்தி எரிகிறது. நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை எட்டு வருடமாகக் காத்துவரும் ராக்னில்ட், அதில் நுழைய அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் தான் அறியாத ஒரு பெயரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெயருக்குக் கடவுச்சொல் கிடையாது. ஒரு கணினி மட்டும் 'இவர் நம்ம ஆள்' என்று சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். அந்தக் கணினி எதிர் மேசை எஸ்பெனுடையது. ஆனால் பெயரைச் சேர்த்தது யார் என்ற இடத்தில் ராக்னில்ட் என்றே இருக்கிறது. மார்ச் பதினான்கு, மதியம் இரண்டு பன்னிரண்டு. பழைய மின்னஞ்சல்களைத் தள்ளிக்கொண்டே போகும் அவள் விரல் சட்டென்று நிற்கிறது. அதே நாள், இரண்டு பத்து: 'நாளைக்கு எல்லாருக்கும் என் கையால கேக்!' அவள் பெயரில் போன, அவள் எழுதாத கடிதம். திரையைப் பூட்டாமல் எழுந்து போகிறவர்களுக்கு இங்கே அதுதான் தண்டனை: யாராவது அவர்கள் கணினியிலிருந்தே இப்படி அனுப்பிவிடுவார்கள், மறுநாள் கேக் கொண்டுவந்தாக வேண்டும். "நான்தான் அனுப்பினேன், மாட்டிக்கிட்டியா!" என்று எஸ்பென் அன்றைக்கே கைதட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆப்பிள் நறுக்கிப் போட்டுச் சுட்டுக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு துண்டு தின்றான். தட்டில் ஒட்டியிருந்த க்ரீமையும் விரலால் வழித்து நக்கினான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" மெழுகுவத்திக்கு அப்பாலிருந்து எஸ்பென் கேட்கிறான்.

"ஒண்ணுமில்ல. மேனேஜரப் பாத்துட்டு வர்றேன்."

"பூட்டிட்டுப் போ மகராசி. இல்லன்னா மறுபடியும் கேக்தான்!"

ராக்னில்ட் பூட்டவில்லை. அந்தப் பெயரும் கேக் மின்னஞ்சலும் அருகருகே தெரியும் திரையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு நடக்கிறாள்.