இடப்பக்கத் தாள்

ஏழாவது முகத்தில் லென்ஸ் நின்றது.

இல்லை. இவனுக்கு நாடி அகலம்.

எட்டாவது முகத்துக்கு நகர்த்தினாள்.

மரத்தில் செதுக்கி அச்சடித்த பழைய யப்பான் யுத்தப் படம். மூன்று தாள் சேர்ந்தால்தான் ஒரு காட்சி. வலப்பக்கம் குதிரையும் புகையும். நடுவில் வாளோடு ஒரு அதிகாரி, உடுப்பில் ஒரு கசங்கல் இல்லை. இடப்பக்கத் தாளில் கைதிகள். கைகளைப் பின்னால் கட்டிக் குந்த வைத்திருக்கிறார்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பேர்.

படத்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரருக்கு அதிகாரி தெரிந்தால் போதுமாம். கைதிகளை அட்டையால் மறைத்து ஃபிரேம் போடச் சொல்லியிருந்தார்.

அவள் வேலை செய்யும் ஃபிரேம் கடைக்காரன் தவசீலன் அவளிடம் லென்ஸைத் தந்தது, பூச்சி அரித்த இடம் பார்க்க.

அவள் பூச்சியைப் பார்க்கவில்லை.

எட்டாவது. காது சரி. நெற்றி சரியில்லை.

ஒன்பதாவது ஆள் குனிந்திருந்தான். கொஞ்சம் நிமிர்த்திக் காட்டினால் என்னவாம்? வரைந்தவன் மேல் எரிச்சல் வந்தது. தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அவனும் இல்லை.

அப்போதுதான் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்த வருசம் கண்ணில் பட்டது.

1894.

லென்ஸைக் கீழே வைத்தாள்.

யப்பான்காரரிடம் பிடிபட்ட சீனாக்காரர். சடை பின்னிய, நூற்றுமுப்பது வருசத்துக்கு முந்தைய சீனாக்காரர். இவர்களுக்குள் தன் மகனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். என்ன விசர் வேலை இது.

2009 மே. யுத்தம் முடிந்த நாட்களில், பாலத்தடியில் மகன் கஜீபனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் ஆமியிடம் ஒப்படைத்தது அவள்தான். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்தான். போ, போ என்று கை காட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த எந்தப் படத்தையும் அவள் விட்டதில்லை. பேப்பரில் வந்தது, போனில் வந்தது, யாரோ ஒளித்து எடுத்த வீடியோ. பிடிபட்ட ஆட்கள் குந்தியிருந்தால் போதும், கண் தானாக முதல் ஆளிடம் போய்விடும்.

ஆனால் இதிலுமா?

வயதுபோய் மூளை தடுமாறி அறளை பெயர்ந்துவிட்டதோ என்று பயந்தாள். அட்டையை எடுத்து இடப்பக்கத் தாளின் மேல் வைத்தாள்.

கைதிகள் மறைந்தார்கள்.

"முடிஞ்சுதோ அக்கா?" உள்ளேயிருந்து தவசீலன் கேட்டான்.

அவள் அட்டையைத் தூக்கினாள்.

"பொறு தம்பி. இன்னும் ஆறு பேர் இருக்கினம்."