கம்ப்யூட்டர் போட்ட பெயில்

பெரம்பலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், துறைத்தலைவர் அமிர்தலிங்கத்தைப் பார்த்து வகுப்பிலேயே "தப்பு சார்" என்று சொல்லிவிட்டாள் சுவாதி. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்டர்னல் தேர்வு வந்தது. பாஸ் மார்க் நாற்பது. சுவாதிக்கு முப்பத்தைந்து போட்டார். பெயிலானால் அவள் செமஸ்டர் எழுத முடியாது.

"நானே பெயில் போட்டா பழிவாங்குறேம்பாங்க. கம்ப்யூட்டரே போடட்டும்," என்று சி மொழியில் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். பக்கத்தில் விரிவுரையாளர் வீரமணி.

மொத்த மார்க் 100 என்று அடித்தார். அதன் கீழே பாஸ் மார்க்கும் மூன்று இலக்கமாக நிற்கட்டுமென்று 040 என்று அடித்தார்.

"எப்படி இருக்கு?"

"லட்சணமா இருக்குங்க சார்."

பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தந்த முடிவு, முதல்வர் கையெழுத்தோடு பலகையில் ஏறியது. சுவாதி பாஸ்.

அமிர்தலிங்கம் லேபில் இருந்த வீரமணியிடம் ஓடி வந்தார். "முப்பத்தஞ்சுக்கு எப்படிய்யா பாஸ் போடும்?"

"முன்னாடி பூஜ்யம் போட்டா, சி அதை எட்டு எட்டா எண்ணும் சார். 040ன்னா நாலு பத்து இல்ல, நாலெட்டு முப்பத்திரண்டு. அதுதான் பாஸ் மார்க்காயிடுச்சு."

"எழுதறப்பவே சொல்றதுக்கென்ன?"

"அன்னைக்கு கிளாஸ்ல சுவாதி இதைத்தானே சார் சொல்லுச்சு."