மடிப்பு போகாத சட்டை

பிற்பகல் வெயில் தையல் மெஷின்மேல் சாய்ந்திருக்கிறது. ஏழு மாத வயிறு மேசையில் இடிக்காதபடி ஒருக்களித்து உட்கார்ந்து, இறந்துபோன கணவனின் பஸ் டிரைவர் சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறாள் அவள். எதிரே நாத்தனார் துண்டுகளைத் தேய்த்துக் கொடுக்கிறாள். "டெரிகாட்டன் பச்சப்புள்ளைக்கு வேர்க்கும்டி. நல்ல காட்டனா வாங்கித் தரேனே." "அவர் போட்டதெல்லாம் இதுதானே அக்கா. அடியில காட்டன் வச்சுக்கறேன்." பாதி பருத்தி, பாதி பாலியெஸ்டர், ஊசிக்கடியில் துணி வழுக்கி ஓடுகிறது. இரண்டு விரலால் இழுத்துப் பிடிக்கிறாள். இன்னும் வெட்டாமல் மிச்சம் இருப்பது ஒரு சட்டையின் முழுக்கை. அவனே தேய்த்துத் தேய்த்துப் பதித்த மடிப்பு அதில் கத்திபோல நிற்கிறது. நாத்தனார் தண்ணீர் தெளித்து அழுத்துகிறாள். ஆவி எழுகிறது, மடிப்பு போகவில்லை. "இன்னும் சூடு வச்சா பொசுங்கிடும். பிடிவாதத்தப் பாரு, அப்படியே என் தம்பிதான்" என்று சிரிக்க ஆரம்பித்தவளின் உதடு கோணிக்கொள்கிறது. இவள் எழுந்து வந்து இஸ்திரிப்பெட்டியை மெல்ல நகர்த்துகிறாள். "விடுங்கக்கா. அது அப்படியே இருக்கட்டும்." சூடு ஆறாத அந்தச் சட்டைக்கையை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொள்கிறாள்.