ஆச்சரியக்குறி

"ஏனம்மணி, என்ற பேக்கேஜ் மட்டும் உனக்கு ஆகாதா?"

பொற்கொடி போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

பிரவீனா அவசரமாகத் திரையை மறைக்கப் பார்த்தாள். பொற்கொடி அதற்கு முன்பே படித்திருந்தாள்.

சரவணம்பட்டியில் அந்தக் கம்பெனி. நூல் மில்களுக்கு அவர்கள் செய்யும் சாஃப்ட்வேரின் கோட் மொத்தமும் மோனோரெப்போ என்கிற ஒரே கிடங்குக்குள் இருந்தது. சம்பளம், ஸ்டாக், பில் என்று ஆளுக்கொரு பேக்கேஜ். பில், பொற்கொடியுடையது. கமாண்டில் ஃபில்டர் போட்டால் வேண்டியதை மட்டும் டெஸ்ட் பண்ணலாம். பேருக்கு முன்னால் ஆச்சரியக்குறி வைத்தால், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஓடும்.

பிரவீனா அந்தக் குறியை பில்லுக்கு முன்னால் வைத்திருந்தாள்.

பொற்கொடிக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நேற்றா எரிகிறது? தனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். எதற்கெடுத்தாலும் மேனேஜர் சாமுவேல், "பிரவீனா எங்கீங்க?" என்பார். பையனுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுத் திரும்பினால், தினசரி டெஸ்ட் ஓட்டுகிற வேலையும் அவள் கைக்குப் போயிருந்தது. சாயங்காலம் டீம் லீட் யாரென்று வேறு சொல்லப் போகிறார்கள்!

"மெதுவாப் பேசுங்கக்கா. நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"என்னத்தச் சொல்லுவ? ஒதுக்கி வெச்சதையா?"

சாமுவேல் எழுந்து வந்தார். "என்னங்க பிரச்சனை?"

"சார், எல்லாருதையும் ஓட்டறா, என்றத மட்டும் விட்டுப்போடறா. இப்பவே முழுசா ஓட்டச் சொல்லுங்க. யாரு வேலை சுத்தம்னு தெரிஞ்சு போகட்டும்."

"நாளைக்கு ஓட்டிக்கலாமுங்க சார்" என்றாள் பிரவீனா.

"பாத்தீங்களா சார், நழுவறா!"

சாமுவேல் குனிந்து, ஃபில்டரை அழித்துவிட்டு என்டர் தட்டினார்.

பச்சை. பச்சை. வரிசையாகப் பச்சை. பில் வந்ததும் திரை முழுக்கச் சிவப்பு; டெஸ்ட் அத்தனையும் ஃபெயில்.

"பாதி வேலையில யாருங்க இதை புஷ் பண்ணிப்போட்டது?"

யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரையிலேயே பேர் இருந்தது: பொற்கொடி. குழந்தைகள் காப்பகத்திலிருந்து, "பையனுக்கு உடம்பு கொதிக்குதுங்க" என்று போன் வந்ததும், கிடந்ததை அப்படியே ஏற்றிவிட்டு ஓடியது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"லீட் சமாச்சாரம் இன்னொரு நாள் பேசிக்கலாமுங்க" என்றபடி சாமுவேல் நடந்தார்.

பொற்கொடி பிரவீனாவின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே எனக்கொரு போன் பண்ணியிருக்கலாமில்ல கண்ணு?"

"பண்ணலாம்னு போன எடுத்தேனுங்கக்கா. பையனுக்கு ட்ரிப்ஸ் ஏறுற போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தீங்க. சொன்னா, அவன் பக்கத்துலயே லேப்டாப்பத் தொறந்து உக்காந்துக்குவீங்களேன்னு போனக் கீழ வெச்சுட்டனுங்க."