பதின்மூன்று தலை, ஏழு பூ

“வகுப்புல முப்பது பேர்ல மத்த எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க. இவ ஒருத்தி மட்டும் தப்பு!” தலைமையாசிரியை நோட்டை மேசையில் பொத்தென்று போட்டார்.

நாலாம் வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். காசை இருபது தடவை சுண்டி, தலை எத்தனை, பூ எத்தனை என்று எழுதிவரச் சொன்ன வீட்டுப்பாடம். எல்லா நோட்டிலும் தலை பத்து, பூ பத்து. இந்த ஒரு நோட்டில் மட்டும் தலை பதின்மூன்று, பூ ஏழு.

நோட்டுக்காரி, வாலு என்று பள்ளியே கூப்பிடும் சின்னப் பெண். கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

“அரை மணியில கல்வி அதிகாரி வந்துடுவாங்க. அவங்க முன்னாடி மானம் போச்சுன்னா, இந்தக் காசு சுண்டுற பாடத்தை இதோட மூட்டை கட்டிடுங்க. பழையபடி வாய்ப்பாடுதான்.”

அது டீச்சர் ஆறு மாதம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிய பாடம்.

வாலுவைக் கூப்பிட்டுக் கையில் ரப்பரைக் கொடுத்தார்.

“பாதிக்குப் பாதின்னு போர்டுல எழுதிப் போட்டேனே, பார்க்கலியா? அழிச்சிட்டுப் பத்துன்னு போடு, கண்ணு.”

“அப்படி விழலியே டீச்சர்.”

“எல்லாருக்கும் விழுந்திருக்கே!”

“எனக்கு விழல. கட்டிலுக்கு அடியில உருண்டு போனதைக்கூட ஊர்ந்து போய்ப் பார்த்துட்டுத்தான் எழுதினேன்.”

வாலுவின் கண்ணில் நீர் முட்டியது. ரப்பர் மட்டும் அசையவில்லை.

பிடிவாதக் கழுதை என்று டீச்சர் மனசுக்குள் திட்டினார். ஆனாலும் கையைப் பிடித்து அழிக்கவைக்க மனம் வரவில்லை.

அதிகாரி வகுப்புக்கு வந்தார். நோட்டுகளைப் புரட்டினார். பத்து, பத்து, பத்து. தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். வாலுவின் நோட்டு வந்ததும் அதிகாரியின் கை நின்றது.

“இது யாரோடது?”

“அவ கொஞ்சம் மக்கு, மேடம்...” தலைமையாசிரியை முந்திக்கொண்டார்.

“யாரு, இவளா மக்கு? பாதிக்குப் பாதி வாய்ப்புன்னா இருபதுல பத்து விழுந்தே ஆகணும்னு சட்டமா? முப்பது பேர் சுண்டினா, அஞ்சாறு பேருக்குச் சரியாப் பத்து விழுந்தாலே ஜாஸ்தி. மத்தவங்க எல்லாம் போர்டைப் பார்த்து எழுதிட்டாங்க. நிஜமா காசைச் சுண்டினது இந்தப் பொண்ணு ஒருத்திதான்!”

வகுப்பே தலையைக் குனிந்தது.

“சரி, எல்லாரும் இப்பவே சுண்டுங்க. இவ சொல்லித் தருவா.”

பதினொன்று! எட்டு! பதினாலு! அறை அதிர்ந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் போர்டில் எழுதினாள் வாலு. உருண்டோடிய ஒரு காசைத் தேடி, தலைமையாசிரியையே பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்.

“இந்தப் பாடம் எல்லா வகுப்புலயும் நடக்கணும்” என்றார் அதிகாரி. டீச்சருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓடிப்போய் வாலுவைத் தூக்கிக்கொண்டார்.

அவர் இடுப்பில் இருந்தபடியே வாலு கேட்டாள்: “டீச்சர், நீங்க வீட்டுல சுண்டினப்போ எத்தனை தலை விழுந்துச்சு?”

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. ‘நானே செய்து பார்த்தேன்: தலை பத்து, பூ பத்து’ என்று பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டிருந்த அவர், அன்றுவரை ஒரு காசைக்கூடச் சுண்டியதில்லை.