வெர்னா போட்ட விளக்குகள்

"இந்தத் தடவையும் எங்கயாவது இடிச்சுதுன்னா, திங்கட்கிழமையே இந்த டிரெய்லரை கிளிஃப் தலையில கட்டிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்றான் ஹார்லன், பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"இடிக்கிறதும் நீ, விக்கிறதும் நீ. நல்லா இருக்குய்யா உன் நியாயம்!" வெர்னா இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வண்டிக் கதவை அவள் இவ்வளவு வேகமாகச் சாத்தியதில்லை.

பிக்கப்புக்குப் பின்னால் அவர்களுடைய குட்டி டிரெய்லர் நின்றது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மடக்கு மேஜை, அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடச் சமையலறையில் குளிர்காலம் முழுக்கப் பாத்திரம் உருட்டுகிற வெர்னாவுக்கு, ஏரிக்கரையில் அந்தக் கட்டிலில் படுத்துக் கூரையில் மழை விழுவதைக் கேட்பதுதான் வருஷத்துக்கே சம்பளம். அதை விற்பது என்றால் அவளுக்கு உயிரே போய்விடும்.

போன செப்டம்பரில் இதே ஏரிக்கரை முகாமில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஹார்லன் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் கொண்டுபோய் இடித்தான். டிரெய்லரின் பின்பக்கம் நசுங்கி விளக்கெல்லாம் நொறுங்கியது. "நீதான் கையைத் தப்பாக் காட்டின" என்று பழியைத் தூக்கி அவள் மேல் போட்டான். அன்றிலிருந்து ஒரே பல்லவி: வித்துடலாம், வித்துடலாம்.

பக்கத்து வீட்டு கிளிஃபும் மான் வேட்டைக்குப் போனால் தங்க ஒரு டிரெய்லர் தேடிக்கொண்டிருந்தான். விற்பதற்காகவே ஹார்லன் வேண்டுமென்று இடித்தானோ என்று வெர்னாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது பனிக்காலம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

இனி ஒரு சாக்கும் சொல்ல விடக் கூடாது என்று அவளே களத்தில் இறங்கினாள். பனி உருகுவதற்குள் கராஜில் உட்கார்ந்து ஒயர் முழுவதையும் மாற்றினாள். தொட்டால் விரலைச் சுடும் பழைய பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு மேலேயும் அடுப்புக்கு மேலேயும் எல்.இ.டி. போட்டாள். வெளியே வாசலுக்குப் பூச்சி அதிகம் மொய்க்காத மஞ்சள் விளக்கு, படிக்கு ஒன்று, பக்கவாட்டில் நீளமாக ஒரு பட்டை. பின்னால் இரண்டு பெரிய வெள்ளை விளக்குகள். ரிவர்ஸ் போட்டால் பளீரென்று எரியும்.

சோதித்துப் பார்த்த அன்றே ஹார்லனின் அக்கறை தெரிந்துவிட்டது. அவள் பிக்கப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட, அவன் காப்பியும் கையுமாக டிரெய்லருக்குப் பின்னால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

"பிரேக்?"

"எரியுது."

"இடது?"

"எரியுது."

"வலது?"

"எல்லாம் எரியுதும்மா, ஆளை விடு."

இறங்கி வந்து பார்த்தால், வலது விளக்கின் ஒயர் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "நிமிர்ந்து பாக்கக்கூட வலிக்குதா உனக்கு?" என்று அவள் கத்த, அவன் காப்பியோடு வீட்டுக்குள் போய்விட்டான். விற்கப் போகிற பொருள்தானே என்ற அலட்சியம் என்று வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது ஏரிக்கு மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த இடம் குறுகல். ஒரு பக்கம் பைன் மரம், மறு பக்கம் குழாய்க் கம்பம், பின்னால் கனத்த மர மேஜை. எதிரே இரண்டு குடும்பங்கள் பியரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. அடுத்தவன் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பதைவிட முகாமில் வேறென்ன பொழுதுபோக்கு?

ஹார்லன் ரிவர்ஸ் போட்டான். பின்விளக்குகள் பளீரென்று எரிந்தன. தரையில் கிடந்த பைன் ஊசிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"யம்மா! பேஸ்பால் மைதானம் மாதிரில்ல இருக்கு!" என்று நாற்காலிக்காரர் ஒருவர் விசிலடித்தார். வெர்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓட்டுபவனின் பக்கக் கண்ணாடிக்கு நேராக, மேஜைக்கு முன்னால் நின்று கைகளை வீசினாள். "வா... வா... கொஞ்சம் இடது... போதும்."

வண்டி வந்துகொண்டே இருந்தது.

"போதும்னு சொல்றேன்ல!" இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினாள். அந்த வெளிச்சத்தில் அவள் மோதிரம்கூட மின்னியது. வண்டி நிற்கவில்லை.

"ஹார்லன்! நிறுத்து!" குரல் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப் போனது.

பின்வாங்கியவளின் இடுப்பில் மேஜை முட்டியது. இனி நகர இடமில்லை. டிரெய்லரின் பின்பக்கம் நெஞ்சுக்கு நேராக வர, இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அறைந்தாள். விசிலடித்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து பிக்கப்பின் முன்புறத்தில் ஓங்கிக் குத்தினார்.

வண்டி குலுங்கி நின்றது. அவளுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

பக்கவாட்டாக நழுவி வெளியே வந்த வெர்னா, நேராக ஹார்லனின் ஜன்னலுக்குப் போனாள். பயம் போய் ஆத்திரம் ஏறியிருந்தது.

"விக்கணும்னா வித்துத் தொலையேன்! அதுக்கு என்னைக் கொல்லணுமா? அத்தனை வெளிச்சத்துல கையைக் காட்டுறேன், பாத்துக்கிட்டே வர்றியே, மனுஷனா நீ?"

ஹார்லன் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் நீ என் கண்ணுக்குத் தெரியல, வெர்னா."