பெயருக்கு முன்னால் ஒரு குருசு

அச்சகத்துக் கணினியில் அவன் எண்களைத் தட்டினான். கயத்தான் என்ற பெயருக்கு முன்னால் குருசு வரவில்லை. வெறும் கட்டம் வந்து நின்றது.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரெஜினாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"வரலியா தம்பி?"

குரலில் அப்படியொரு ஆசை.

இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் அந்தக் குருசு தமிழ் எழுத்துருவில் கிடையாது. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறிக்கொள்ள வேண்டும். பிறகு ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்து, பூஜ்யம், ஒன்று, மூன்று, நான்கு. அவன் விரல்களுக்கு அது மனப்பாடம். இன்றைக்கு என்னவோ மாற மறந்துவிட்டான்.

நான்கு வருடங்களுக்கு முன் கடலுக்குப் போன படகில் ஆறு பேர். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. ஐந்து பேருக்கு வருடா வருடம் நினைவு நாள் சுவரொட்டி அடித்துக் கொடுப்பவன் அவன்தான்.

ஆறாவது வீட்டிலிருந்து யாரும் வந்ததே இல்லை.

இன்று கயத்தானின் மனைவி ரெஜினாள் வந்திருக்கிறாள். மகள் ஜெனிட்டாவின் கல்யாணப் பத்திரிகைக்காக.

மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்த தாளில் கயத்தானுக்கு முன்னால் சிவப்பு மையில் குருசு இருந்தது. மறந்துவிடப் போகிறார்கள் என்று இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தார்கள். தகப்பன் உயிரோடு இருந்தால் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்களாம்.

கேட்டுவிட்டுப் போகட்டுமே.

ஆனால் அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள் ஜெனிட்டா.

வரவில்லை அக்கா, இந்த மெஷினில் வராது என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷமாக எழுந்து போயிருப்பாள்.

மடையன், எழுத்துருவை மாற்றினான்.

பூஜ்யம். ஒன்று. மூன்று. நான்கு.

குருசு வந்தது. கயத்தானின் பெயர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

ரெஜினாள் இப்போது திரையைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தாளை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "பிள்ள நல்லா இருக்கணும்லா."

நான்கு வருடங்களாகக் கடலே சொல்லாத ஒன்றை அவன் விரல் சொல்லிவிட்டதுபோல இருந்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பிரிண்ட் கொடுக்கப் போனான்.

"தம்பி."

அவன் நிறுத்தினான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் குருசு இல்லாம அடிச்சுத் தருவியா?"

"யாருக்குக்கா?"

"அன்னைக்கு நாங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிருவோம். வீடு பூட்டிக் கெடக்கும். அந்நேரம் பாத்து அவுக வந்துட்டா?"

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"கதவு இடுக்குல சொருகி வச்சிட்டுப் போவேன்."

அவன் குருசை அழித்தான். பெயர் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்கு வருவதாகச் சொல்லி அவள் எழுந்தாள். செருப்பை மாட்டியவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"அவுக மூக்குக்கண்ணாடிய வேற வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாக."

அவள் தெருவில் இறங்கிப் போனாள்.

அவன் கோயிலின் பெயரையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கினான். எழுந்து வாசல்வரை போய், அங்கிருந்து படித்துப் பார்த்தான்.

திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான்.